விளிம்பு வழக்கு

டெல்மர் க்ரைடர் எங்கள் லங்காஸ்டர் மாவட்டத்தின் எடை அளவை ஆய்வாளன். பெட்ரோல் பம்புகளையும் இறைச்சிக் கடைத் தராசுகளையும் சோதித்து, சரியாக இருந்தால் ஒரு வட்ட முத்திரையை ஒட்டிவிட்டு வருவான். இருபத்தொன்பது வருஷமாக அதே வேலை. ஒருமுறை சொந்த மைத்துனனின் பம்பையே பூட்டிவிட்டு, அன்று மாலையே அவன் வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்கும் போய் உட்கார்ந்தவன். அப்படிப்பட்ட நேர்மையானவனுக்கு ஒரு சலூன்காரரின் பெயரைக் கெடுக்க ஒன்பது நாள் போதுமானதாக இருந்தது. கூட நானும் உதவினேன்.

என் பெயர் எஷ்பாக். தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தின் பின்கூடத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். எல்லோருக்கும் முழங்கால் வலி இருக்கும். எல்லோர் கையிலும் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய அட்டைகள் இருக்கும். ஒரு காலத்தில் சூயிங்கம் பொட்டலத்துக்குள் சும்மா வைத்துக் கொடுத்தவை. பிள்ளைகள் சூயிங்கத்தை மென்றுவிட்டு அட்டையை சைக்கிள் சக்கரத்தில் செருகி ஓட்டினார்கள். சக்கரத்துக்குத் தப்பியவை இப்போது பெரியவர்களிடம் மாட்டிக்கொண்டிருக்கின்றன.

1934இல் ஒரு சின்ன கம்பெனி வெளியிட்ட எண்பத்து நான்கு அட்டைகளில் எண்பத்து மூன்று டெல்மரிடம் இருந்தன. இல்லாதது ஹோபார்ட் டில்லி. ஆடுகளத்தின் மூன்றாம் முனையில் பந்து பிடிக்க நின்று இரண்டு பருவம் ஆடியவன். பிடித்த பந்துகளைவிட விட்ட பந்துகளுக்காகப் பேர் வாங்கியவன். யாருக்கும் வேண்டாத ஆட்டக்காரன் என்பதால் அவன் அட்டையை யாரும் பத்திரப்படுத்தவில்லை. பத்திரப்படுத்தாததால் இப்போது எல்லோருக்கும் வேண்டியவனாகிவிட்டான்.

போன வருஷம் ஜூன் மாதம் இணையச் சந்தையில் ஒரு டில்லி விற்பனைக்கு வந்தான். விற்றவர் ஷமோக்கின் என்ற பழைய நிலக்கரி ஊரில் சலூன் வைத்திருக்கும் காசிமிர் வோஸ்னியாக். வயது எழுபத்தொன்பது. அட்டையைப் பற்றி அவர் எழுதியிருந்தது மூன்றே வாக்கியம்: "என் அப்பா 1934இல் சூயிங்கத்தோடு வாங்கியது. கொஞ்சம் அழுக்கு உண்டு. வேறு எனக்குத் தெரியாது."

டெல்மர் வாங்கினான். காலை உணவுச் சோளப்பொரி டப்பாவில் கிழித்த இரண்டு துண்டுகளுக்கு நடுவே அட்டை வந்தது. ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது: "நல்ல வீட்டுக்குப் போகிறான் என்று நம்புகிறேன்."

டெல்மர் அளந்து பார்த்தான். அவனால் எதையும் அளக்காமல் இருக்க முடியாது. வலது பக்கம் ஒரு மயிரிழை குறைவாக இருந்தது. அந்தக் காலத்து அச்சகத்தில் பெரிய தாளாக அடித்து, ஒருவன் நின்றுகொண்டு வெட்டுவான். வெட்டுகிறவனுக்குப் பசித்தால் அளவு மாறும். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செவ்வாய்க்கிழமை அட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது டெல்மரின் முகத்தில் மாப்பிள்ளைக் களை இருந்தது.

"அசல்தானா?" என்று கேட்டேன்.

"அசல்தான்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொல்றேன்."

"நீ யாருய்யா சொல்றதுக்கு? முத்திரை இல்லாத தராசு, ஆனா சரியாத்தான் நிறுக்குதுன்னு கறிக்கடைக்காரன் சொன்னா நீ ஒத்துக்குவியா?"

டெல்மர் அட்டையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டான். மறுநாள் அட்டையை ப்ளம்லைன் மதிப்பீட்டகத்துக்கு அனுப்பினான்.

ப்ளம்லைனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய அட்டையின் முனைகள் மழுங்கியிருக்கும். சில பித்தலாட்டக்காரர்கள் ஓரத்தை இம்மி அளவு வெட்டி முனையைக் கூர்மையாக்கிப் பல மடங்கு விலைக்கு விற்றுவிடுவார்கள். எங்கள் உலகில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. கொலை செய்தவன் தண்டனை முடிந்து வந்தால் கிளப்பில் நாற்காலி போடுவோம். அட்டை வெட்டியவனுக்குக் காபிகூடக் கிடையாது. ஆகவே வெட்டியதா வெட்டாததா என்று சொல்ல ஒரு நிறுவனம் தேவைப்பட்டது. டெலவேரில், வில்மிங்டன் நகரில், ப்ளம்லைன் தோன்றியது. அட்டையைப் பார்த்து, ஒன்றில் இருந்து பத்துக்குள் ஓர் எண் கொடுத்து, கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள் வைத்து மூடிவிடுவார்கள். அதன்பிறகு யாரும் அட்டையைப் பார்ப்பதில்லை. எண்ணைத்தான் பார்ப்போம்.

அவர்களுடைய படிவத்தில் நாற்பத்தொரு கேள்விகள். அட்டை கடைசியாகத் தங்கியிருந்த அறையின் ஈரப்பதம் என்ன? அட்டையைத் தொட்டவர்களில் யாருக்காவது தோல் நோய் உண்டா? கடைசியில் ஒரு கட்டம்: 'அட்டை உலகின் தூய்மைக்கு நான் துணை நிற்கிறேன்.' துணை நிற்க மாட்டேன் என்று யார் சொல்வார்கள்? டெல்மர் டிக் அடித்தான்.

ஒன்பதாம் நாள் அட்டை திரும்பி வந்தது. பிளாஸ்டிக்கும் இல்லை, எண்ணும் இல்லை. ஒரு மஞ்சள் சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது: 'விளிம்பு வெட்டப்பட்டதற்கான சான்று உள்ளது. தரம் மறுக்கப்படுகிறது.'

கூடவே வந்த கடிதத்தில் இருந்துதான் அந்தக் கட்டத்தின் அர்த்தம் டெல்மருக்குப் புரிந்தது. தூய்மைக்குத் துணை நிற்பது என்றால், விற்றவர்மேல் புகார் கொடுப்பது. டெல்மர் க்ரைடரின் புகாரை ஏற்று, ஷமோக்கின் காசிமிர் வோஸ்னியாக்கின் பெயரை ஊரும் கடையுமாகத் தூய்மைப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். தூய்மையற்றவர்களின் பெயர்கள் இருக்கும் பட்டியலுக்குத் தூய்மைப் பட்டியல் என்று பெயர். உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

இணையச் சந்தை அன்றைக்கே அவர் கணக்கை மூடியது. அட்டைக்காரர்கள் கூடிப் பேசும் தளத்தில் யாரோ அவர் கடையின் படத்தைத் தேடி எடுத்துப் போட்டார்கள். வெள்ளை அங்கி, கையில் கத்திரி, பல் தெரியாத சிரிப்பு. அதற்குக் கீழே ஒருவர் எழுதினார்: 'நான் ஓரத்தை மட்டும் லேசா எடுக்கச் சொன்னேன், பார்ட்டி மேலேயும் கொஞ்சம் குறைச்சுட்டாரு.' எழுபத்தொரு பேர் சிரித்தார்கள். எழுதியது நான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, நாங்கள் கூடத்தில் இருக்கும்போதே டெல்மரின் போன் அடித்தது. கையில் அட்டைகள் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"க்ரைடர் தம்பியா? நான் ஷமோக்கின்லேர்ந்து காசிமிர் பேசறேன், காஸ்னு கூப்பிடுவாங்க. டில்லி பத்திரமா வந்து சேர்ந்தானா?"

"வந்துட்டாருங்க."

"நல்லா இருக்கானா?"

டெல்மர் மேஜையைப் பார்த்தான். "நல்லாத்தாங்க இருக்காரு."

"அப்புறம் ஏன் தம்பி என்னைத் திருடன்னு போட்டிருக்காங்க?"

டெல்மர் கையில் இருந்த அட்டைகளை மேஜையில் வைத்தான். 

"நான் அறுபது வருஷமா வெட்டறேன், இல்லைங்கல. ஆனா எல்லாம் மயிரு. இன்னிக்கு வெட்டினா அடுத்த மாசம் வளர்ந்துடும். திரும்ப வளராத எதையும் நான் வெட்டினதில்ல தம்பி." என்றார் காஸ். "இங்க முன்னாள் படைவீரர் சங்கத்துல வியாழக்கிழமை பிங்கோ ஆடுவாங்க. நாப்பது வருஷமா நான்தான் நம்பர் போட்ட குண்டை ஒண்ணொண்ணா எடுத்துக் கூப்பிடுவேன், எல்லாரும் அவங்கவங்க அட்டையில அடிச்சுக்குவாங்க. நேத்து வந்து, காஸ், பேரு சுத்தமாகற வரைக்கும் நீ கூப்பிட வேணாம்னு சொல்லிட்டாங்க. மெஷின் வாங்கப் போறாங்களாம்."

"நான் பேசறேங்க. தப்பு நடந்திருக்கு. நான் சரி பண்றேன்."

"சரி தம்பி. வெயில்ல வெக்காதீங்க அவன, மை வெளுத்துடும்."

டெல்மர் ப்ளம்லைனுக்குப் போன் செய்தான். வாடிக்கையாளர் அமைதித் துறை என்ற பிரிவுக்கு இணைப்புக் கிடைத்தது. ஓர் இளம்பெண் பேசினாள்.

"எந்தப் பக்கம் வெட்டியிருக்குன்னு மட்டும் சொல்லுங்கம்மா."

"அதைச் சொல்ல முடியாதுங்க சார். சொன்னா வெட்டறவங்க கத்துக்குவாங்க."

"நான் வெட்டறவன் இல்லையே."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க."

"சரி, எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னாவது சொல்லுங்க."

"பார்த்து, சார்."

டெல்மர் மஞ்சள் சீட்டை உரித்துவிட்டு, அதே அட்டையைத் தன் மனைவி க்ளெண்டாவின் பெயரில் அனுப்பினான். கட்டத்தில் டிக் அடிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து நீலச் சீட்டோடு வந்தது: 'அளவு குறைவு. தொழிற்சாலைப் பிழையாக இருக்கலாம். கருத்து இல்லை.' பிறகு அதே அட்டையை என் பெயரில் அனுப்பினோம். இந்த முறை கெட்டிப் பிளாஸ்டிக்குக்குள் ஜம்மென்று உட்கார்ந்து வந்தான் டில்லி. 'தரம் 6. விளிம்புகள் அசல்.'

மூன்று தீர்ப்புகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு டெல்மர் மறுபடி போன் செய்தான். அதே பெண்.

"ஒரே அட்டைம்மா. ஒரே அட்டைக்கு மூணு பதில் சொல்லியிருக்கீங்க."

"மூணும் சரிதான் சார்."

"எப்படிம்மா மூணும் சரியா இருக்கும்?"

"அந்தந்த நாள்ல அட்டை அப்படி இருந்திருக்கும் சார்."

பட்டியலில் இருந்து ஒரு பெயரை எடுக்க வேண்டுமானால், பெயருக்கு உரியவரே வில்மிங்டனில் விளிம்பு மேல்முறையீட்டு அவையின் முன் நேரில் வந்து நிற்க வேண்டும் என்றாள். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை தேதி கிடைத்தது. காஸைக் கூட்டிவர டெல்மர் போனபோது நானும் போனேன். போகாமல் இருந்தால் வீட்டில் சும்மா உட்கார்ந்து அந்த எழுபத்தொரு சிரிப்பை எண்ணிக்கொண்டிருப்பேன்.

அவர் கடை வாசலிலேயே காத்திருந்தார். ஒல்லியான மனிதர். பழுப்பு நிறக் கோட்டு, அகலமான டை, நன்றாகப் படிய வாரிய வெள்ளை முடி. கைகுலுக்கும்போதுதான் கவனித்தேன். அவர் கை ஆடிக்கொண்டிருந்தது. லேசாக இல்லை. வழியில் காபி வாங்கிக் கொடுத்தபோது பாதி அவர் மடியில் கொட்டியது. அவர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"இன்னும் கடை நடத்தறீங்களா ஐயா?" என்று கேட்டேன்.

"செவ்வாயும் வெள்ளியும். இன்னிக்கு உங்களுக்காக லீவு."

இந்தக் கையோடு எப்படி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ரெடிங் ஊரைத் தாண்டியதும் டெல்மர் சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "ஐயா, ஒரு விஷயம். உங்க மேல புகார் கொடுத்தது நான்தான். தெரியாம ஒரு கட்டத்துல டிக் அடிச்சிட்டேன்."

"தெரியும் தம்பி. கடுதாசியில மொத வரியே உங்க பேருதான்."

டெல்மர் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "தெரிஞ்சுமா என் வண்டியில ஏறினீங்க?"

"வேற வண்டி இல்லையே. என் லைசன்ஸை வாங்கி வெச்சுட்டாங்க." காஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கோவம் இருந்துச்சு. ரெண்டு வாரம் இருந்துச்சு. அப்புறம் நீங்க மறுபடி மறுபடி போன் பண்ணீங்க. நல்லா பேசற ஆளுகிட்ட எவ்வளவு நாள்தான் கோவமா இருக்கறது?"

பின்சீட்டில் இருந்த நான் என் பங்கைச் சொல்ல அதுதான் நேரம். சொல்லவில்லை. மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ப்ளம்லைன் கட்டடத்தில் ஒரு பெரிய கண்ணாடிச் சுவர். அதன் பின்னால் வெள்ளை அங்கி போட்ட முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எடுப்பார்கள், விளக்கின் கீழே சாய்ப்பார்கள், வைப்பார்கள். மருத்துவமனை போல இருந்தது, நோயாளிகள் ஒருவரும் முனகாத மருத்துவமனை.

மேல்முறையீட்டு அவை என்பது ஒரு நீளமான மேஜையும் இரண்டு பேரும். ஒருவர் தலைமை விளிம்பு அதிகாரி பிரஸ்டன் வாண்டர்கிரிஃப்ட். பதவியின் பெயரே அதுதான். கதவிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. பக்கத்தில் விதிகளைப் படிக்க மிஸ் தார்ன் என்ற பெண்மணி. வாண்டர்கிரிஃப்ட் எழுந்து நின்று பேசினார். எதிரே நாங்கள் மூன்றே பேர் என்பது அவருக்குத் தடையாக இல்லை.

"நண்பர்களே, விளிம்புங்கறது வெறும் ஓரம் இல்ல. எங்க ஒரு பொருள் முடியுதோ, அங்கதான் பொய் ஆரம்பிக்குது. அந்த எல்லையில நாங்க நிக்கறோம். நாங்க மட்டும் இல்லைன்னா இந்த நாட்டுல ஒரு தகப்பன் தன் மகனுக்கு ஒரு அட்டையைக் குடுக்க முடியாது. குடுத்தாலும் மகன் நம்பமாட்டான். நம்பினா அவன் முட்டாள். போன வருஷம் நாலு லட்சம் அட்டைகளுக்கு நாங்க நிம்மதி குடுத்திருக்கோம்."

டெல்மர் மூன்று தீர்ப்புகளையும் மேஜைமேல் வைத்தான். "இதுல எது சரிங்க?"

வாண்டர்கிரிஃப்ட் அவற்றைப் பார்த்து மனம் நெகிழ்ந்தார். "பார்த்தீங்களா? மூணு நிபுணர்கள், மூணு முடிவு. ஒருத்தரும் இன்னொருத்தருக்குக் கட்டுப்படல. இதுதான் எங்க சுதந்திரம். மூணு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருந்தா நானே விசாரணைக்கு உத்தரவு போட்டிருப்பேன்."

"ஒரு தராசு மூணு தடவை மூணு எடை காட்டினா நான் அதைப் பூட்டிடுவேன் சார்."

"அதனாலதான் நீங்க தராசோட இருக்கீங்க. தராசுக்குக் கருத்து கிடையாது. எங்க ஆளுங்களுக்கு இருக்கு."

"ஒரு அட்டையை எவ்வளவு நேரம் பார்ப்பாங்க?"

"இருபத்தாறு வினாடி."

"அது போதுமா சார்?"

"அதுக்கு மேல பார்த்தா இரக்கம் வந்துடும். அனுபவத்துல சொல்றேன்."

காஸ் தனக்கு முன்னால் வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுக்கப் போனார். அது மேஜையில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டதால் அப்படியே வைத்துவிட்டார். மிஸ் தார்ன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு நல்ல எண்ணம் வந்தது தெரிந்தது. விதிப்புத்தகத்தைப் புரட்டினாள்.

"பிரிவு பதினொண்ணுல ஒரு வழி இருக்கு சார். திறன் சோதனை. சுத்தமா ஒரு ஓரத்தை வெட்டற திறன் மனுதாரருக்கு இல்லைன்னு நிரூபணமானா, அவர் வெட்டியிருக்க முடியாதுன்னு பேரை நீக்கிடலாம்."

வாண்டர்கிரிஃப்ட் தலையசைத்தார். ஒரு வெள்ளை அங்கிக்காரர் ஒரு பழைய வெற்று அட்டையும் நீளமான கத்திரியும் கொண்டுவந்து வைத்தார். அட்டையின் ஓரத்தில் பென்சிலால் நூல் போல ஒரு கோடு. அதன்மேல் வெட்ட வேண்டும். கோணினால் விடுதலை.

டெல்மருக்கு முகமெல்லாம் சிரிப்பு. குனிந்து அவர் காதில் சொன்னான். "ஐயா, ஒண்ணும் பண்ண வேணாம். கை ஆடற மாதிரியே ஆடட்டும். அஞ்சு நிமிஷத்துல கிளம்பிடலாம்."

காஸ் கத்திரியை எடுத்தார்.

கட்டைவிரல் வளையத்துக்குள் நுழைந்ததும் கை நின்றது. அப்படியே நின்றது. தோள் இறங்கியது, முழங்கை விலாவோடு சேர்ந்தது. ஒரே இழுப்பில், அவசரம் இல்லாமல், அட்டையின் மேலிருந்து கீழ்வரை வெட்டினார். பென்சில் கோடு இரண்டாகப் பிளந்து, பாதி அட்டையிலும் பாதி விழுந்த துண்டிலும் இருந்தது. கத்திரியைக் கீழே வைத்தார். கை மறுபடி ஆட ஆரம்பித்தது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த வெள்ளை அங்கிகள் சிலர் எழுந்து நின்று பார்த்தார்கள். வாண்டர்கிரிஃப்ட் பூதக்கண்ணாடியை எடுத்தார். நிச்சயமாக இருபத்தாறு வினாடிக்கு மேல் பார்த்தார்.

"அற்புதம்," என்றார். உண்மையாகவே சொன்னார். பிறகு மிஸ் தார்னிடம் திரும்பினார். "திறன் நிரூபணம்னு எழுதிக்குங்க."

மிஸ் தார்ன் எழுதினாள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

வண்டியில் ஏறியதும் டெல்மர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் குத்தினான். "ஏங்கய்யா? ஏன்? சும்மா விட்டிருந்தா முடிஞ்சிருக்குமே!"

"கத்திரியைக் கையில குடுத்துட்டுக் கோணலா வெட்டுன்னா எப்படி தம்பி?" என்றார் காஸ். "நான் பொய் சொல்லலைன்னு காட்டத்தான இவ்வளவு தூரம் வந்தோம். கோணலா வெட்டினா, அதுதான பொய்?"

திரும்பும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி சூப் வாங்கிக் கொடுத்தோம். அவருக்குக் கரண்டி பிடிக்க வரவில்லை. கிண்ணத்தை டெல்மர் பிடித்துக்கொண்டான்.

அடுத்த வாரம் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே இருந்த 'சந்தேகம்' என்ற சொல் நீக்கப்பட்டது. அந்த இடத்தில் 'திறன் உறுதி செய்யப்பட்டது' என்று வந்தது.

சங்கத்தில் பிங்கோ மெஷின் வந்து இறங்கியது. சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக சலூனுக்கு வருவதை நிறுத்தினார்கள். பக்கத்து ஊரான சன்பரியில் பெரிய கடைத்தொகுதிக்குள் ஒரு முடிவெட்டும் இடம் திறந்திருந்தார்கள், அங்கே வண்டி நிறுத்த வசதி என்று பேசிக்கொண்டார்கள். பிப்ரவரி பனியில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், காஸ் கடை வாசலில் பனியை அள்ளிக்கொண்டிருந்தபோது மண்வெட்டியோடு விழுந்தார். அன்று முடிவெட்ட வருவதாக யாரும் சொல்லியிருக்கவில்லை. யாருக்காக அவர் வழி செய்தார் என்று தெரியாது.

சவ அடக்கத்துக்கு டெல்மரும் நானும் போனோம். தேவாலயக் கூடத்தில் அவர் மகள் ரெஜினா, பிட்ஸ்பர்க்கில் இருந்து வந்தவள், அறுபது பேருக்கு உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் பன்றி இறைச்சி சாசேஜும் சொல்லியிருந்தாள். எங்களையும் சேர்த்துப் பதினொரு பேர் வந்தோம். தட்டை வாங்கும்போது அவளிடம் சொல்லிவிட்டேன். ஓரத்தை லேசாக எடுக்கச் சொன்னேன் என்ற அந்தக் கிண்டலை எழுதியது நான்தான் என்று.

ரெஜினா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அதை அப்பாதான் எனக்குப் போன்ல படிச்சுக் காட்டினாரு. எவனோ நல்லாத்தான் எழுதியிருக்கான்னு சிரிச்சாரு." இன்னொரு கொழுக்கட்டையை என் தட்டில் வைத்தாள். "அப்புறம் ரொம்ப நேரம் பேசல."

நான் அந்தக் கொழுக்கட்டையைத் தின்றுதான் ஆக வேண்டியிருந்தது.

ஏப்ரலில் நியூ ஜெர்சியில் மூடிப்போன ஓர் அச்சகத்தின் பரணில் 1934இன் முழுத்தாள் ஒன்று கிடைத்தது. வெட்டப்படாத பெரிய தாள். டில்லி வலது கோடியில் இருந்தான், அவனுடைய வலது ஓரம் முடிய ஒரு மயிரிழை இருக்கும்போதே தாள் முடிந்துபோயிருந்தது. உலகத்தில் அச்சான ஒவ்வொரு டில்லியும் வலது பக்கம் குறைவாகத்தான் இருக்க முடியும். முழு அளவில் இருக்கிறது என்று ப்ளம்லைன் எட்டும் ஒன்பதும் கொடுத்துப் பிளாஸ்டிக்கில் மூடிய ஐந்து டில்லிகளும் போலி.

ப்ளம்லைன் இதைக் கொண்டாடியது. 'விளிம்பு ஆராய்ச்சியில் எங்களுடைய அடுத்த பாய்ச்சல்' என்று அறிக்கை விட்டார்கள். வாண்டர்கிரிஃப்ட் அந்தத் தாளுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். போலிகளை வாங்கி ஏமாந்தவர்களுக்கு அடுத்த மதிப்பீட்டில் சலுகை உண்டு என்றார்கள்.

காசிமிர் வோஸ்னியாக்குக்கு ஒரு கடிதம் வந்தது. ரெஜினா அதைப் பிரிக்காமலே டெல்மருக்கு அனுப்பிவிட்டாள். அவர் விற்ற அட்டை வெட்டப்படாதது என்பதில் ப்ளம்லைனுக்கு ஒருபோதும் அடிப்படைச் சந்தேகம் இருந்ததில்லை என்றும், பட்டியலில் இருந்து பெயரை நீக்கிக்கொள்ள அவர் புகைப்பட அடையாள அட்டையுடன் நேரில் வர வேண்டும் என்றும் எழுதியிருந்தது. கீழே பெரிய முத்திரை.

டெல்மர் கடைசியாக ஒருமுறை போன் செய்தான். அதே பெண்தான் எடுத்தாள்.

"அவரு செத்துட்டாரும்மா. பிப்ரவரியில."

"ரொம்ப வருத்தமா இருக்கு சார்." கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. "பரவாயில்ல சார், ஃபைலை மூட மாட்டோம். அவர் எப்ப வந்தாலும் பேரை எடுத்துக்கலாம்."

டெல்மர் ரெஜினாவுக்குப் போன் செய்து கடிதத்தைப் படித்துக் காட்ட ஆரம்பித்தான். அவள் பாதியில் நிறுத்தினாள். "எனக்கு எதுக்கு? எங்கப்பாவை எனக்குத் தெரியும். போய் அங்க படிங்க, அந்தச் சங்கத்துல."

போனோம். வியாழக்கிழமை மாலை, பிங்கோ ஆரம்பிக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. ஏழெட்டுப் பேர் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் காஸ் வயதுக்காரர்கள், பிடரியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி, மெஷின் போட்டு ஒட்ட வெட்டிய முடி. டெல்மர் நின்றுகொண்டு கடிதத்தை முதல் வரியில் இருந்து கடைசி வரிவரை படித்தான். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 

சங்கத் தலைவர் ஷெம்கோ, பெரிய உடம்புக்காரர், டம்ளரைக் கீழே வைத்தார். "எங்களுக்கு இது முதல்லேயே தெரியும்ங்க. காஸ் அந்த மாதிரி ஆளே இல்ல."

"அப்படித்தான், அப்படித்தான்," என்றார்கள் மற்றவர்கள்.

"தெரிஞ்சா அவரை ஏன் எடுத்தீங்க?"

"பேரு பட்டியல்ல இருந்துச்சே."

டெல்மர் கடிதத்தை மடிக்க முயன்றான். மடிப்பு சரியாக வரவில்லை. "அம்பது வருஷம், ஒவ்வொரு மாசமும், அந்த மனுஷன் கையில சவரக்கத்தியோட நிக்கறப்ப கண்ணை மூடிக்கிட்டுக் கழுத்தைக் காட்டினீங்களேய்யா."

ஷெம்கோ அதை யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றி சுருங்கியது.

"அது கழுத்துங்க," என்றார் கடைசியில். "இது பிங்கோ."

யாரோ சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினார்கள். மூலையில் இருந்த மெஷினில் விளக்கு எரிந்து, குண்டுகள் சுற்றத் தொடங்கின. நாங்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தோம். அது முதல் எண்ணைப் படித்தது. எல்லோரும் குனிந்து தங்கள் அட்டையைப் பார்த்தார்கள்.